வதனி அக்கா இல்லாத உடம்புக்குத் தைத்ததில்லை

செய்தி வந்தபோது நான் நெடுங்கேணியில் ஒரு கல்யாண வீட்டில் நின்றேன். கல்யாணப் பொம்பிளைக்குத் தலை கட்டி முடித்து, சாறி மடிப்புகளைப் பிடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த கைபேசி அதிர்ந்தது. வதனி அக்காவின் தங்கச்சி சுதா அக்காதான் அழைப்பெடுத்திருந்தார். "பிள்ளை, அக்கா எங்களை விட்டுட்டுப் போயிட்டா" என்றார். அழுகையோடு கைபேசியை வைத்துவிட்டார்.

கல்யாண வீட்டுக்குள் சாவுச் செய்தியைச் சொல்லக்கூடாது. சொன்னால் தீட்டு, துடக்கு என்பார்கள், சகுனம் என்பார்கள், என்னை வெளியே போகச் சொல்வார்கள். பேசாமல் அடுத்த ஊசியை எடுத்தேன். அந்தப் பிள்ளை போட்டிருந்த சாறிச் சட்டை வதனி அக்கா கடைசியாக வெட்டித் தைத்த சட்டைகளில் ஒன்று. தாய் பின்னால் நின்று அதைத் தடவிப் பார்த்தார்.

"இது தைச்ச அக்காவுக்கு இப்ப எப்பிடிப் பிள்ளை? முந்தி நல்ல குண்டா இருந்தவா. இப்ப வடிவா மெலிஞ்சிட்டா எண்டு சனம் கதைக்குது. என்ன செய்து மெலிஞ்சவாவாம்?"

என் வாயில் ஊசிகள் இருந்தன. அதனால் பதில் சொல்லாமல் தப்பினேன்.

புளியங்குளம் சந்தியில் எங்கள் கடைக்கு வந்து போனவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு வதனி அக்கா சட்டை தைத்தவர். சிலருக்கு அவர் வாய்க்காரி. இன்னும் சிலர் செத்தவீட்டுப் பந்தலுக்குள் இருந்துகொண்டே "திண்டு திண்டு தன்னையே முடிச்சிட்டாள்" என்று கதைத்தீர்கள். எனக்குக் கேட்டது. அந்த இடத்தில் சண்டை பிடிக்க முடியவில்லை. எழுதத்தான் முடிகிறது.

எங்கள் கடை ஏ9 வீதியோரத்தில் ஒரே ஒரு அறை. நடுவில் ஒரு திரை. முன்பக்கம் அவருடைய தையல் மெசினும் துணி வெட்டும் மேசையும். பின்பக்கம் என்னுடைய கண்ணாடியும் கல்யாணப் பொம்பிளைகளை அலங்கரித்து வெளிக்கிடுத்தும் சாமான்களும். வாடகையைப் பாதி பாதியாகக் கொடுத்தோம். அவருக்கு நாற்பதைக் கடந்த வயது, எனக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆனாலும் நாங்கள் சரிக்குச் சரி சண்டை பிடிக்கிறவர்கள். நூல் கட்டையை ஒளித்து வைப்பார். மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் இருப்பார். சொன்ன நாளில் சட்டை எடுக்க வராதவர்களை அவர் மன்னித்ததாக எனக்கு நினைவில்லை.

வதனி அக்கா குண்டானவர். 'பூசினாற்போல' என்று நான் எழுதினால் அவருக்கே பிடிக்காது. "குண்டு எண்டு சொல்லு பிள்ளை. அது என்ன கெட்ட வார்த்தையோ, தூசணமோ?" என்பார். வவுனியாவுக்குப் போகிற பஸ்ஸில் ஒருமுறை நடத்துனர் பெடியன் எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா, உங்களுக்கு ரெண்டு ரிக்கற் கிழிக்கவோ?" என்றான். பஸ் சிரித்தது. அக்கா அசையவில்லை. "கிழி தம்பி. ஆனா ரெண்டாவது சீற்றையும் தா. இந்தப் பிள்ளை ஓமந்தையில இருந்து நிண்டுகொண்டு வருது, இருக்கட்டும்" என்று பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளையைக் காட்டினார். பஸ் இன்னும் பலமாகச் சிரித்தது. இந்த முறை சிரிப்பு அவன் பக்கம் திரும்பியிருந்தது.

அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. பசியோடு வந்தவர்களுக்கு அவர் அளவு எடுக்கமாட்டார். அதை நான் முதலில் கவனித்த நாள் ஞாபகம் இருக்கிறது. கனகராயன்குளத்தில் இருந்து ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். கனடா மாப்பிள்ளை. கூறைச் சாறிக்குச் சட்டை தைக்க வேண்டும்.

"இடுப்பில ரெண்டு இஞ்ச் குறைச்சுத் தையுங்கோ தங்கச்சி" என்றார் தாய். "கல்யாணத்துக்குள்ள இவள் குறைஞ்சிடுவாள். மெலியிற மா ஒண்டு எடுத்துக் கரைச்சுக் குடிக்கிறாள்."

"அப்ப சோறு?"

"சோறு நிப்பாட்டியாச்சு."

"ஆர் நிப்பாட்டினது?"

தாய் கொஞ்சம் தயங்கினார். "மாப்பிள்ளை வீடியோ கோலில சொன்னவராம், முகம் உப்பிக் கிடக்குது எண்டு."

அக்கா கையில் எடுத்த அளவு நாடாவைத் திரும்பவும் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளையைப் பார்த்து, "பசிக்குதா?" என்றார்.

"காலமை மா குடிச்சனான் அக்கா."

"குடிச்சதை நான் கேக்கேல்ல. பசிக்குதா?"

பிள்ளை தாயைப் பார்த்தது.

"அம்மாவைப் பாக்காத. அம்மான்ர வயிறோ உனக்குப் பசிக்கிறது?"

அக்கா சொல்ல, எதிரே இருந்த முன்கடையில் இருந்து மீன் வைத்த மாலுபாண் பணிசும் தேத்தண்ணியும் வந்தன. "நாங்கள் அளவு குடுக்க வந்தனாங்கள், விருந்துக்கு வரேல்ல" என்று தாய் முகத்தைத் திருப்பினார். "அளவுக்குத்தான் அம்மா இது. பசியோட நிக்கிற பிள்ளையள் வயித்தை எக்கிக்கொண்டு நிப்பினம். அந்த அளவில தைச்சா மணவறையில மூச்சு விடேலாது" என்றார் அக்கா. பிள்ளை ஒரு மாலுபாணை முடித்து, அடுத்ததில் பாதியைப் போதும் என்று வைத்துவிட்டது. மிச்சம் வைக்காமல் சாப்பிடச் சொன்னார் தாய். இப்போதுதான் சாப்பிடவே கூடாது என்று நின்றவர் அவர். அக்கா, "காணும் எண்டு சொல்லுறாள், விடுங்கோ" என்று தட்டை எடுத்து அப்பால் வைத்தார். பிறகு எழுந்து அளவு எடுத்தார். தாய் கேட்ட இரண்டு அங்குலத்தைக் குறைக்கவில்லை.

"இல்லாத உடம்புக்கு நான் தைக்கிறேல்லை. அவள் குறைஞ்சாக் கொண்டு வாங்கோ, உள்ளுக்குப் பிடிச்சுத் தாறன்."

தாய் துணியை மடித்து எடுத்துக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். மாலுபாணுக்கும் அக்காதான் காசு கொடுத்தார். அன்று பொழுதுபடும் வரை காரணம் எதுவும் இல்லாமல் என்மீது எரிந்து விழுந்தார்.

இங்கே எல்லோரும் எல்லோரிடமும் "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்கிறோம். அக்கா அப்படிக் கேட்டு நான் அறியேன். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "சாப்பிட்டியா எண்டு கேக்கிறது கணக்குக் கேக்கிறது. அதுக்கு அம்மாவும் பதில் சொல்லலாம், சட்டியைத் திறந்து பாத்து ஆரும் சொல்லலாம். பசிக்குதா எண்டதுக்கு அந்த ஆள் மட்டும்தான் பதில் சொல்லேலும்" என்றார். சொல்லிவிட்டு மெசினை மிதிக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு அது பெரிய தத்துவம் அல்ல. ஊசியில் நூல் கோர்ப்பதுபோல ஒரு காரியம்.

எனக்கு அது அவ்வளவு இலேசாகத் தெரியவில்லை. பசிக்கும்போது சாப்பிடு, காணும் என்றால் நிறுத்து, எந்தச் சாப்பாட்டையும் எதிரியாக்காதே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் தாய் தகப்பனின் பெற்றோர் மலையகத் தோட்டங்களில் இருந்து வந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள். எங்கள் வீட்டில் மெலிவு ஒருநாளும் அழகாக இருந்ததில்லை. அது கூலி வேலை கிடைக்காத மாதத்தின் பெயர். என் சித்தி மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்கு நிற்கிறாள். அவளை வைத்து அக்காவோடு ஒருநாள் நன்றாகவே சண்டை பிடித்தேன்.

"நீங்கள் மெசினுக்குச் சொந்தக்காரி. பசிச்சா எழும்பிப் போய்ச் சாப்பிடுவீங்கள். என்ர சித்தி மகளுக்கு மணி அடிச்சாத்தான் பசி. மணி அடிக்க முதல் பசிச்சா அது களவு."

அக்கா மெசினை நிறுத்தினார். "அப்ப பிழை எதில? வயித்திலயோ, மணியிலயோ?"

"மணியிலதான். ஆனா மணியை உங்களால நிப்பாட்டேலாதே."

"ஏலாது. அதுக்காக வயித்தில பிழை சொல்லச் சொல்லுறியோ? மணிக்காரனும் அதைத்தான் சொல்லுறான். மெலியிற மா விக்கிறவளும் அதைத்தான் சொல்லுறாள். நீயும் சொல்லு, மூண்டு பேராகுங்கோ."

அந்தச் சண்டையில் நான் தோற்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தன் வயிற்றைக் கேட்டு நடக்க ஒருத்திக்கு நேரம் வேண்டும், சட்டியில் சோறு வேண்டும், எழுந்து போக உரிமை வேண்டும். இவை இல்லாதவர்களிடம் போய் உடம்பின் பேச்சைக் கேள் என்பது நல்லதொரு பகிடி. ஆனால் சட்டியில் சோறு இருக்கிற வீடுகளிலும் பிள்ளைகள் பட்டினி கிடக்கப் பழகுகிறார்கள். கைபேசியில் ஒருத்தி இடுப்பைக் காட்டி ஆடுகிறாள், இன்னொருத்தி அதே இடுப்புக்கு மா விற்கிறாள், வெளிநாட்டில் இருந்து ஒருவன் முகம் உப்பியிருக்கிறது என்கிறான். பட்டினியில் இருந்து உயிர் தப்பி வந்த ஊரில் பட்டினியைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இதைப் பார்த்துக் கோபம் வராதவர்களோடு எனக்குக் கதை இல்லை.

அக்கா போரைப் பற்றிக் கதைக்கிறவர் அல்ல. வைகாசியில், போரின் கடைசி நாட்களின் நினைவாக, சந்தியில் இளைஞர்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுப்பார்கள். ஒரு வருடம் நாங்களும் போய் வரிசையில் நின்றோம். பின்னால் நின்ற ஒரு பெண், "வதனிக்கு ரெண்டு சிரட்டை குடுங்கோ, ஒண்டு காணாது" என்றார். ஒருசிலர் சிரித்தார்கள். கஞ்சி வரிசையில் நின்றுகொண்டு சிரித்தார்கள். அக்கா கஞ்சியைக் குடித்துவிட்டு வந்து மெசினில் இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"கடைசி நேரம் அங்க கஞ்சியும் கிடைக்காமல் போச்சுது. அப்ப எனக்குப் பசி நிண்டுபோச்சு பிள்ளை. பிறகு முகாமுக்கு வந்து சாப்பாடு தந்தாச் சாப்பிடுவன், தராட்டிச் சும்மா இருப்பன். பசி எண்டு ஒண்டு இல்லை. கனநாளைக்குப் பிறகு ஒரு பின்னேரம் தானாப் பசிச்சுது. இருந்து அழுதனான். செத்துப்போச்சு எண்டு நினைச்ச ஆள் படலையைத் திறந்து வந்த மாதிரி இருந்துது. அண்டைக்குப் பிறகு பசி வந்தா நான் அதை ஏசிறேல்லை. வா எண்டுதான் சொல்லுறது."

இதைக் கேட்ட பிறகுதான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் கேட்கும் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அவரைச் சாப்பாட்டுராமியாகவே நினைவு வைத்திருக்கிறீர்கள். எங்களுடைய வாடிக்கைக்காரி ஒருத்தியின் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். கேக் துண்டு நீட்டினார்கள். "வேண்டாம், எனக்கு இப்ப நிரம்பிக் கிடக்குது" என்றார் அக்கா. உடனே வீட்டுக்காரி கண்ணை விரித்து, "என்ன, டயற்றோ?" என்றாள். இல்லை என்றார். யாரும் நம்பவில்லை. ஒரு மெலிந்த பெண் வேண்டாம் என்றால் அது வேண்டாம். ஒரு குண்டுப் பெண் வேண்டாம் என்றால் அது ஒன்றில் டயற், இல்லாவிட்டால் பொய். அவருடைய 'ஓம்' போலவே அவருடைய 'வேண்டாம்' என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அப்போது இதை ஒரு சின்ன அவமானம் என்றுதான் நினைத்தேன். ஒரு ஆளைக் கொல்லக்கூடியது என்று நினைக்கவில்லை.

போன வருடம் மாரி தொடங்குவதற்கு முன், மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை அக்கா பாதியில் மூடினார். அடுத்த நாளும் மூடினார். "ரெண்டு வாய் வைக்க நிரம்பிப்போகுது" என்றார். பிறகு தன் வயிற்றில் கை வைத்து, யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இது என்ர வயிறில்லை பிள்ளை." பாவாடை இடுப்பில் இறுகியது, ஆனால் சட்டையின் தோள்பட்டை தளர்ந்தது. இருபது வருடம் உடம்புகளை அளந்த கை அவருடையது. கிளினிக்குக்குப் போவோம் என்று அவரே சொன்னார். துணைக்கு நானும் போனேன்.

எந்தக் கிளினிக் என்று எழுதவில்லை. இது ஒரு இடத்தின் பிழையாக இருந்தால் எழுதியிருப்பேன். தராசில் ஏறச் சொன்னார்கள். அக்கா ஏறினார். மருத்துவர் தராசைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். வந்த காரியம் அதோடு முடிந்துவிட்டது.

"டொக்டர், எனக்குச் சாப்பாடு குறைஞ்சு போச்சு. ரெண்டு வாயில நிரம்பிப்போகுது. அடிவயித்திலயும் ஒரு நோவு" என்றார் அக்கா.

"சாப்பாடு குறைஞ்சா நல்லதுதானே அம்மா" என்றார் மருத்துவர். "இன்னும் குறையுங்கோ. நிறையைக் குறைச்சுப்போட்டு வாங்கோ, அதுக்குப் பிறகும் நோ இருந்தாப் பாப்பம்."

நான் இடையில் புகுந்து, அவா பொய் சொல்லவில்லை, ஸ்கான் ஏதும் எடுக்க ஏலாதோ என்று கேட்டேன். என்னை மகளோ என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் வெளியே நிற்கச் சொன்னார். அறைக்கு வெளியே சுவரில் ஆரோக்கிய உணவுப் படம் ஒட்டியிருந்தது. கீரையும் கரட்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

வாசலில் நான் கத்தினேன். அக்கா கத்தவில்லை. பஸ்ஸில் வரும்போது, "குறைஞ்சாத்தான் என்னைப் பாப்பினம் எண்டா, குறையிறன்" என்றார். அடுத்த நாளில் இருந்து தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. இரவில் ஒன்றும் இல்லை. கடைக்கு ஒரு அவித்த முட்டையும் அரை வெள்ளரிக்காயும் கொண்டுவந்து வெட்டு மேசையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருப்பார். எந்தப் பொம்பிளைக்கும் செய்யாததைத் தனக்குச் செய்தார். பசியை ஏசாமல் 'வா' என்று சொன்னவர், அதன் முகத்தில் கதவைச் சாத்தினார். மெலிவதற்காக அல்ல, ஒரு மனிதர் அவருடைய வயிற்றில் கை வைத்துப் பார்ப்பதற்காக.

அவர் குறைந்தார். நோய் குறைத்ததோ பட்டினி குறைத்ததோ, யார் கண்டது? முகம் ஒடுங்கியது, கழுத்தெலும்பு தெரிந்தது, வளையல் முழங்கை வரை ஏறியது. வயிறு மட்டும் குறையவில்லை. அதைச் சாறித் தலைப்பால் மூடிக்கொள்வார்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். "வதனி, என்ன வடிவா வந்திட்டாய்." "அக்கா, பத்து வயசு குறைஞ்சு போச்சு உங்களுக்கு." "எந்த மா எடுக்கிறனீங்கள்? நம்பர் தாங்கோவன்." ஒருத்தி கைபேசியில் படம் எடுத்து, தன் மகளுக்குக் காட்டப் போவதாகச் சொன்னாள். வாழ்நாளில் முதல்முறையாக இந்தச் சந்தி வதனி அக்காவைப் பார்த்துப் புகழ்ந்தது, அவர் செத்துக்கொண்டிருந்தபோது. மா விற்கிறவள்கூட ஒருநாள் கடைக்குள் வந்து, தன்னிடம் வாங்கிக் குடித்துத்தான் மெலிந்ததாகச் சொல்ல முடியுமோ, ஒரு சின்ன வீடியோ போதும் என்று கேட்டாள்.

"எடு பிள்ளை" என்றார் அக்கா. "ஆனா பசிக்கேல்ல எண்டதையும் சேத்துச் சொல்லுவன். சாப்பிட ஏலேல்ல, ராவில நோகுது, நிண்டு தைக்க ஏலேல்ல எண்டதையும் சொல்லுவன். போடுவியோ?"

அவள் சிரித்துச் சமாளித்துக்கொண்டு போய்விட்டாள். அக்கா கதிரையில் இருந்து என்னைப் பார்த்தார். "ஒருத்தராவது உனக்கென்ன நோய், என்ன வருத்தம் எண்டு கேட்டதோ?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

திரும்பக் கிளினிக்குக்குப் போனபோது தராசு நல்ல செய்தி சொன்னது. "பாத்தீங்களோ, மனசு வைச்சா ஏலும்தானே" என்று பாராட்டினார்கள். அன்று அங்கே புதிதாக ஒரு இளம் பெண் மருத்துவர் இருந்தார். அவர் மட்டும் பாராட்டவில்லை. "இவ்வளவு கெதியா எப்பிடி அம்மா குறைஞ்சீங்கள்?" என்று கேட்டார். கட்டிலில் படுக்க வைத்து, வயிற்றில் கை வைத்து அமத்தினார். அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்றே வவுனியாவுக்கு அனுப்பினார். ஸ்கானில் சூலகத்தில் கட்டி இருந்தது, அது பரவியும் இருந்தது. முந்தியே வந்திருக்கலாமே என்று அங்கே கேட்டார்கள். முந்தியே வந்தவர்தான் என்று சொன்னேன். அதை எழுதிக்கொள்ள அவர்களிடம் இடம் இருக்கவில்லை.

முந்தியே கண்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான்: இந்த ஊரில் தன் பசியையும் நிறைவையும் அவரளவுக்குத் தெரிந்து வைத்திருந்த ஆள் இல்லை. அந்த உடம்பு மாறியதை முதலில் கண்டுபிடித்தவரும் அவரேதான். சொன்னார். நம்பவில்லை.

கடைசி நாட்களில் வீட்டில் படுக்கையில் கிடந்தார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சூப்போடும் பாலோடும் வந்தார்கள். "கொஞ்சமாவது குடியுங்கோ", "எங்களுக்காக ஒரு வாய்", "சாப்பிடாட்டி எப்பிடி எழும்புறது". வருடக்கணக்காக அவருடைய தட்டை எட்டிப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இப்போது கரண்டியோடு நின்றார்கள். ஒரு பின்னேரம் சுதா அக்கா கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுபோக, வதனி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"குண்டா இருக்கேக்க பசிக்குது எண்டு சொன்னன், நம்பேல்ல. நிரம்பிட்டுது எண்டு சொன்னன், நம்பேல்ல. இப்ப பசிக்கேல்ல எண்டு சொல்லுறன். இதையாவது நம்புங்கோவன்."

சுதா அக்கா கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தார். அன்று யாரும் அவரை வற்புறுத்தவில்லை. நான் அவருடைய காலைத் தடவிக்கொண்டிருந்தேன். நன்றாக நித்திரை கொண்டார்.

எட்டாம் நாள், எட்டுச் செலவன்று இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று நான் நேரத்தோடேயே போய்க் குசினிக்குள் நின்றேன். புட்டு, மீன் குழம்பு, இறால் பொரியல் எல்லாம் ஆகிவிட்டன. நான் முன்கடையில் மாலுபாண் வாங்கிப் போயிருந்தேன். சுதா அக்கா தேத்தண்ணியை ஊற்றி, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"சீனி போடவோ பிள்ளை? அவா விட்டுட்டாவெல்லோ."

"விடேல்ல அக்கா, விட வைச்சவை. போடுங்கோ."

அவர் போட்டார். கலக்கும்போது கண்ணீர் வந்தது. அதே நேரம் குசினி வாசலில் ஒரு உறவுக்காரி, "இதுகளைத் திண்டுதானே அவளுக்கு இந்தக் கதி" என்றார், தாழ்ந்த குரலில், கேட்கும்படியாக. நான் திரும்பி, "அவாவுக்கு வந்தது கான்சர். கண்டுபிடிக்கப் பிந்தினது, தராசுக்கு மேல ஒருத்தரும் நிமிந்து பாக்காததால. தெரியாட்டி இப்ப தெரிஞ்சுகொள்ளுங்கோ" என்றேன். படையல் வீட்டில் அப்படிக் கதைக்கக்கூடாது என்று பிறகு சொன்னார்கள். வேறு எந்த இடத்தில் கதைப்பது என்று யாரும் சொல்லவில்லை.

படைத்து முடித்து எல்லோருக்கும் பரிமாறினார்கள். சுதா அக்காவின் மகள் நிலா, பதினாறு வயது, சுவரோடு சாய்ந்து இருந்தாள். தட்டில் வைத்த புட்டை விரலால் ஒதுக்கி ஒதுக்கிக் கரைக்குக் கொண்டுபோனாள். வாயில் வைக்கவில்லை. சுதா அக்கா என் காதோடு, "ராவில சாப்பிடுறதை விட்டுட்டாள். நானும் ஒண்டும் சொல்லேல்ல. சனம் கதைக்கிறதைக் கேக்கப் பயமாக் கிடக்குது. பெரியம்மா மாதிரி வந்திடுவாளோ எண்டு" என்றார்.

"உங்கட அக்கா உடம்பால சாகேல்ல."

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். "தெரிஞ்சும் பயமாக் கிடக்குது."

இதுதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது. வதனி அக்காவைப் பற்றி நீங்கள் சொல்கிற ஒரு பொய், அவர் தூக்கி வளர்த்த பிள்ளையின் தட்டுக்குள் வந்து இருக்கிறது. தாய்க்கு உண்மை தெரியும். அப்படியிருந்தும் பொய் வெல்கிறது.

நான் போய் நிலாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். சாப்பிடு என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "பசிக்குதா?" என்று கேட்டேன்.

அவள் தாயைப் பார்த்தாள். பிறகு எதிரே படத்தில் மாலைக்குள் இருந்த பெரியம்மாவைப் பார்த்தாள். கனநேரம் எடுத்தாள்.

"தெரியேல்ல அக்கா."

எனக்குத் தைக்கத் தெரியாது. மெசின் சுதா அக்கா வீட்டுக்குப் போய்விட்டது, முன்பக்கத்துக்கு இன்னொருத்தி வரப்போகிறாள். வதனி அக்காவிடம் இருந்து நான் வைத்திருப்பது ஒரு கேள்வியும், அதைக் கேட்டுவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிற அந்த நேரமும்தான். எந்தப் பதில் வந்தாலும் அதை நம்புவார். அதுவும் அந்தக் கேள்வியோடு சேர்ந்ததுதான்.

புட்டு ஆறிக்கொண்டிருந்தது. போன பசி திரும்பி வரக் கனநாள் எடுக்கும் என்று எனக்குச் சொன்னவர் படத்துக்குள் இருந்தார். நிலா தெரியவில்லை என்றாள். அதை நான் நம்பினேன். எழும்பிப் போகாமல் பக்கத்திலேயே இருந்தேன்.